புகையாகப் போன மருந்து

சென்னைப் பட்டணத்தில் கும்பினியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனைப் பற்றிப் பேசுகிறவர்கள், சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டுச் சாயப்பூச்சி வளர்க்கப் பார்த்தவர் என்றுதான் சொல்வார்கள். மருந்து கொடுத்தே காலம் தள்ளிய எனக்கு அவர் முக்கியமானவராகத் தெரிவது வேறொன்றுக்காக. இரைப்பு வந்தவர்களை ஊமத்தைப் புகை பிடிக்கச் சொன்னவர் அவர். செடியைக் காயவைத்து, நசுக்கி, புகைக்குழாயில் அடைத்து, நெருப்பு வைத்து இழுக்க வேண்டும். இது அவர் கண்டுபிடித்த வைத்தியமல்ல. இங்குள்ள ஜனங்கள் செய்துவந்ததைப் பார்த்துச் சொன்னார். 1802-ல் ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி ஊர் திரும்பியபோது அந்தச் சரக்கையும் செய்முறையையும் கையோடு கொண்டுபோனார். இங்கிலாந்தில் வேலியோரம் முளைக்கிற இன்னொரு ஊமத்தை இனத்தை அங்குள்ள மருத்துவர்கள் பரீட்சித்துப் பார்த்தார்கள். கேட்டது.

அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேல் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் ஆஸ்துமா சிகரெட் விற்றார்கள். சிகரெட் பிடிக்க முடியாதவர்களுக்குத் தட்டில் கொட்டிக் கொளுத்தும் பொடி. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்த் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அந்தப் பொடியைக் கொளுத்தி, புகைமூட்டத்துக்குள் உட்கார்ந்து எழுதினார். எங்கள் திருநெல்வேலிக் குறுக்குத்துறையில், தாமிரபரணிக் கரையில் யாரும் சீண்டாமல் நிற்கிற செடியின் சொந்தக்காரச் செடி, பாரிஸில் ஒரு பெரிய மனுஷனின் நெஞ்சைத் திறந்துகொண்டிருந்தது.

யாரும் இதைப் படித்துவிட்டு ஊமத்தை பறிக்கக் கிளம்பிவிட வேண்டாம். அதில் நஞ்சும் மருந்தும் ஒரே சரக்குதான். அளவு கொஞ்சம் தப்பினால் கண் பாப்பா விரிந்து, நாக்கு வறண்டு, புத்தி பிசகிப் பிதற்றல் தொடங்கிவிடும். விதையை உணவில் கலந்து கொடுத்து மயக்கித் திருடுவது இந்தியாவில் பழைய களவு. நான் சொல்ல வந்தது வேறு.

திருநெல்வேலி மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, கடைசியாகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு. அரசாங்கம் எங்களுக்கு மருந்தாளுநர் என்று பேர் மாற்றியும் ஜனங்களுக்கு நான் கம்பவுண்டர்தான். மருந்து கொடுக்கிற ஜன்னலில் நின்று நான் அதிகமாகக் கேட்ட பேச்சு இதுதான்:

"எய்யா, டாக்டர்ட்ட சொல்லி ஒரு ஊசி போடச் சொல்லு. இந்தப் பம்பெல்லாம் வேண்டாம். ஒரு தடவ இழுத்துட்டா அப்பறம் அது இல்லாம உசுரு நிக்காதுன்னுல்லா சொல்லுதாவ."

இழுக்கிற மருந்து கடைசிக் கட்டத்துக்கு, இழுத்தால் பழக்கமாகிவிடும், ஊசிதான் அசல் வைத்தியம். ஆற்றங்கரை நெடுக இந்த மூன்றையும் கேட்டிருக்கிறேன். வயல்காட்டு ஆச்சிமாரும் சொன்னார்கள், பட்டம் வாங்கிய அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் சொன்னார்கள். மூச்சு வழியே மருந்து எடுப்பது ஏதோ சீமையிலிருந்து வந்த புது ஆபத்து என்கிற மாதிரி. நம் ஊர் வரலாறு அதற்கு நேர் எதிராக இருக்கிறது. சித்த மருத்துவத்தில் புறமருந்து 32 வகை. வேது, புகை, நசியம், ஊதல் நான்கும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சளி பிடித்தால் நொச்சித் தழையைப் போட்டுக் கொதிக்கவைத்து, போர்வைக்குள் முகத்தைக் காட்டாத வீடு இந்தப் பக்கம் கிடையாது. மூச்சு வழி மருந்து இங்கே பழசு. ஊசிதான் நேற்று வந்தது.

ஊமத்தை எப்படி வேலை செய்கிறது என்பதை ஐரோப்பியர்கள் மெல்லத்தான் புரிந்துகொண்டார்கள். 1830-களில் அட்ரோபின் என்ற சத்தைத் தனியாகப் பிரித்தார்கள். ஊமத்தையிலும் அதே குடும்பத்துச் சத்துகள்தான். மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கிற தசைகளைச் சுருங்கச் சொல்லி நரம்பு அனுப்புகிற சேதியை அட்ரோபின் மறித்துவிடுகிறது, குழாய் தளர்கிறது. அதுவே இரத்தத்தில் ஏறி உடம்பெல்லாம் போவதால்தான் வாய் வறட்சி, படபடப்பு, பிதற்றல் எல்லாம். நுரையீரலோடு நின்றுகொள்கிற மாதிரி அதைத் திருத்த முடியுமா என்று பார்த்து, 1970-களில் ஐப்ராட்ரோப்பியம் என்ற மருந்தைக் கொண்டுவந்தார்கள். 2000-க்குப் பிறகு டியோட்ரோப்பியம் வந்தது. நாளைக்கு ஒரு வேளை இழுத்தால் போதும். நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்க்கு இன்றைக்கும் முன்வரிசை மருந்து அது. அந்த மாத்திரைக் கூட்டைக் கையில் வாங்கிக்கொண்டு இதெல்லாம் இங்கிலீஷ் மருந்து, சூடு என்பார்கள். உன் ஊர்ச் செடியின் கொள்ளுப் பேரன்தானய்யா இது என்று சொல்லத் தோன்றும். வரிசையில் நிற்கிறவர்கள் முறைப்பார்கள் என்று விட்டுவிடுவேன்.

ஆடாதோடைக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. பாளையங்கோட்டையில் 1964-ல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கியது. எங்கள் ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரிக்கு ஒரு வருஷம் மூத்தது. அதை அவர்கள் சொல்லிக்காட்டாமல் விட்டதில்லை. அங்கே இரைப்பை மந்தாரகாசம் என்று எழுதி ஆடாதோடை மணப்பாகும் தாளிசாதி சூரணமும் கொடுப்பார்கள். நான் சளி இளக புரோம்ஹெக்சின் மாத்திரை கொடுப்பேன். அந்த புரோம்ஹெக்சின், ஆடாதோடையில் இருக்கிற வாசிசின் என்ற சத்தை மாதிரியாக வைத்து 1960-களில் ஜெர்மனியில் செய்தது. நோயாளி அங்கே போனாலும் இங்கே வந்தாலும் செடி ஒன்றுதான்.

இனி, இந்தப் பள்ளத்தாக்கில் மூச்சு யாருக்குப் போனது என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஆறு, வயல், தென்றல், பொதிகை மூலிகைக் காற்று என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். என் ஜன்னலுக்கு வந்தவர்களைத் தொழில்வாரியாகப் பிரித்துவிடலாம்.

முதலில் அறுப்பு. காரும் பிசானமும் அறுத்து முடிந்த கையோடு கூட்டம் வரும். களத்தில் சூடடித்து, பொலி தூற்றி, சுணை நெஞ்சில் ஏறியவர்கள். இப்போது அறுவடை மெஷின் வந்து, வேலை வாரக்கணக்கிலிருந்து மணிக்கணக்குக்குச் சுருங்கிவிட்டாலும் அது கிளப்புகிற தூசி அந்த மணி நேரத்துக்கு ஊரையே மூடும். அடுத்தது அடுப்படி. ஆற்றுப் பாசனத்தை விட்டுக் கரிசல் பக்கம் போனால் பருத்திமார்தான் விறகு. இந்தப் பக்கம் காவோலை, வரட்டி, உமி. நெல் அவிக்கிற அன்றைக்கு அதிகாலையிலிருந்து புகைதான். பீடி சிகரெட்டைக் கையால் தொடாத பெண்ணின் நுரையீரல், பெட்டி பெட்டியாக ஊதித் தள்ளிய ஆணின் நுரையீரல் போல ஆவதற்கு அந்த அடுப்பே போதும். 2007-ல் மாநில அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தபோது அதை ஓட்டுக் கணக்கு என்று பேசினார்கள். கணக்கு எதுவாக இருந்தாலும் நெஞ்சு நோய்க்கு இந்த மாநிலத்தில் கொடுத்த பெரிய மருந்துகளில் அதுவும் ஒன்று என்பது என் அபிப்பிராயம்.

பஞ்சாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் ஆலை கட்டினார்கள். மலையிலிருந்து விழுகிற தாமிரபரணித் தண்ணீரின் விசையே எந்திரத்தைச் சுற்றியது. பின்னால் தூத்துக்குடியில் கோரல் மில், மதுரையில் மதுரா மில். பஞ்சு மூட்டையைப் பிரித்து அடிக்கிற புளோ ரூமிலும், சீவுகிற கார்டிங்கிலும் தூசி அதிகம். பருத்திக் காயோடு ஒட்டிவருகிற இலைத்துகளும் காம்புத்துகளும் அதில் உண்டு. வருஷக்கணக்கில் அதைச் சுவாசிக்கிறவர்களுக்கு வருகிற நோய்க்கு பிஸினோசிஸ் என்று பேர். ஐம்பதுகளில் லங்காஷயர் ஆலைகளில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் அதைப் படிப்படியாகத் தரம் பிரித்தார். அவர் பிரித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. அவர் கேள்விக்கு எந்திரம் எதுவும் தேவையில்லை. நெஞ்சு இறுக்கம் வாரத்தில் எந்தக் கிழமை வருகிறது? திங்கட்கிழமை மட்டும் வந்தால் ஆரம்பம். செவ்வாய், புதன் என்று நீண்டால் முற்றுகிறது. ஒருநாள் விடுப்பில் நெஞ்சு தன் காவலைத் தளர்த்திவிடுகிறது; மறுநாள் தூசிக்குள் நுழைந்ததும் பலமாகத் திமிறுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு வ.உ.சி. நினைவு வந்தது. 1908 பிப்ரவரிக் கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மார்ச் முதல் வாரத்தில் வெற்றி. அடுத்த வாரமே இருவரும் கைதாகி, 13-ந் தேதி திருநெல்வேலி பற்றி எரிந்தது. அந்தக் கலவரத்தைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இந்த ஒன்று: வார விடுமுறை இல்லாத ஆலையில் திங்கட்கிழமை என்று ஒன்று ஏது? எல்லா நாளும் ஒன்றுபோல இறுகுகிற நெஞ்சு, யாருக்கும் நோயாகத் தெரிந்திருக்காது. விடுமுறை கிடைத்த பிறகுதான் திங்கட்கிழமை பிறந்தது; அந்த நோயைக் கண்டுகொள்ளும் வழியும் பிறந்தது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் அதை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர்கள் வாங்கிக் கொடுத்ததில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்று பிஸினோசிஸ், இழப்பீடு உண்டு என்று சட்டம் சொல்கிற தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. வேலையில் இருக்கும்வரை ஆலைக்காரர்களுக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. ஓய்வு பெற்றபின் எங்கள் ஜன்னலுக்கு வருவார்கள். சீட்டில் நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி என்று இருக்கும். நான் பேச்சுவாக்கில், "அண்ணாச்சி எந்த டிபார்ட்மெண்டுல இருந்தியோ?" என்று கேட்பேன். புளோ ரூம் என்று பதில் வந்தால் திங்கட்கிழமையைப் பற்றிக் கேட்பேன். பெரும்பாலோர் சிரிப்பார்கள். "அது லீவு முடிஞ்சு போற அலுப்புன்னுல்லா நெனச்சோம்" என்றார் ஒருவர்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிக நெருங்கியது பீடி. எங்கள் ஊர் வீரவநல்லூர். அம்மை பீடி சுற்றினாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மடியில் சுளகு இல்லாமல் அவள் உட்கார்ந்திருந்ததில்லை. நெசவு நொடித்த வீடுகளுக்குள் பீடி புகுந்தது இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க நடந்த கதை. மேலப்பாளையத்தில் தறிக்குழி மூடிய வீடுகளிலும் அதேதான். இலை மத்தியப் பிரதேசம், ஒரிசாக் காடுகளிலிருந்து வரும். தூள் நிப்பாணியிலிருந்தும் குஜராத்திலிருந்தும். இரண்டும் விளையாத ஊரில், கைகள் மலிவு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தொழில் வந்து உட்கார்ந்தது.

முதல்நாள் ராத்திரி இலையை நனைத்து ஈரத்துணியில் பொதிந்து வைப்பாள். காலையில் தகட்டை வைத்து அளவாக வெட்டுவாள். பிறகு சுளகு. வலது கைப் பக்கம் தூள், இடது பக்கம் இலை. ஒரு சிட்டிகை, ஒரு உருட்டு, நூலால் ரெண்டு சுற்று, முனையை மடித்து உள்ளே தள்ளினால் ஒன்று. 25 சேர்ந்தால் கட்டு. 40 கட்டு ஆயிரம். சாயந்திரம் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் கணக்குப்பிள்ளை கட்டை உருட்டிப் பார்ப்பார். தூள் இறுக்கம் போதாது என்று கழிப்பார். கழித்ததற்குக் கூலி கிடையாது, கழித்த பீடி திரும்பியும் வராது. மறுநாள் தூளைக் கொட்டிக் கிளறிச் சலிக்கும்போது எழும்புகிற நெடியில் நாங்கள் தும்முவோம். அம்மை தும்ம மாட்டாள். அவளுக்குச் சாயந்திரம் இருமல் வரும். ஐம்பது வயதைத் தொட்டபோது கிணற்றடியிலிருந்து குடத்தோடு நடை ஏறுவதற்கு இரண்டு இடத்தில் நிற்க ஆரம்பித்தாள்.

டாக்டர் சீட்டில் எழுதும்போது, "பீடி குடிப்பியா?" என்று கேட்டார். அம்மைக்கு வந்த கோபம். "லட்சக்கணக்குல சுத்திருக்கேன், ஒண்ண வாயில வச்சதில்ல" என்றாள். சுற்றியதே போதுமா என்றால், அதைமட்டும் சொல்ல முடியாது. விறகடுப்பும் அதே வீட்டில்தான், ஜன்னல் இல்லாத அடுக்களையில். தூளும் புகையும் பங்கு போட்டுக்கொண்டன என்றுதான் சொல்ல வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1966-ல் பீடி சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. கம்பெனிக்காரர்கள் வழக்குப் போட்டு, 1974-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. வீட்டிலிருந்து சுற்றுகிற பெண்ணும் தொழிலாளிதான் என்று ஒப்புக்கொண்ட சட்டம் அது, பெரிய விஷயம். 1976-ல் நலநிதிச் சட்டம் வந்தது. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசு ஆஸ்பத்திரி அந்த வழியில் வந்ததுதான். ஆனால் அந்த 1966 சட்டத்தில் ஒரு வேடிக்கை. வேலை செய்கிற இடத்தில் காற்றோட்டம் வேண்டும், தூசி வெளியேற வழி வேண்டும் என்றெல்லாம் நல்லபடியாக எழுதிவிட்டு, வேலை செய்கிற இடம் என்றால் குடியிருக்கிற வீடு அதில் சேராது என்றும் எழுதியிருந்தார்கள். இந்த மாவட்டத்தில் பீடி உருண்டது முழுக்க குடியிருக்கிற வீட்டில்.

இன்னொரு நிழலும் இருந்தது: டி.பி. ஒரு மாசத்துக்கு மேல் இருமினால் ஊர் முடிவு கட்டிவிடும்; பெண் கேட்டு வருகிறவர்கள் திரும்பிவிடுவார்கள். அதனால் இரைப்புக்காரர்களும் மறைத்தார்கள். டி.பி.யின் பயங்கரத்தைக் குறைத்ததில் நம் சென்னைக்குப் பங்கு உண்டு. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், நோயாளிகளைப் பாதிப்பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைத் தாம்பரம் சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் குடிசையிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். வீட்டாருக்குத் தொற்று கூடவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடியதற்கு அந்த ஆராய்ச்சி பெரிய காரணம். குணமாகாமல் தொடர்கிற இரைப்புக்கோ அப்படி ஒரு ஆராய்ச்சி இங்கே நடந்து ஊர் மனசை மாற்றவில்லை. டி.பி.க்கு முடிவு உண்டு: மருந்து தீரும், சளியில் கிருமி இல்லை என்று சீட்டு வரும். இதற்குச் சீட்டு கிடையாது. முடியாத வைத்தியத்தை நம் ஜனம் வைத்தியமாகவே நம்பாது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரைப்புக்கு எங்களிடம் இருந்தது எபெட்ரின், அமினோபிலின், சால்புட்டமால் மாத்திரை, அவசரத்துக்கு டெரிபிலின் ஊசி. மாத்திரையை டப்பாவிலிருந்து எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். மழை நாளில் பிசுபிசுத்து ஒட்டும். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டு அட்டை அட்டையாக மாத்திரை வந்ததும்தான் அந்தப் பாடு ஒழிந்தது. டெரிபிலின் ஜனங்கள் வாயில் சாமி பேர் மாதிரி புழங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பிசகாமல் சொல்வார்கள். ஊசி போட்டால் கால் மணியில் நெஞ்சு இளகும், நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பையே மருந்து பிடித்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். சால்புட்டமால் மாத்திரை போட்டால் கை நடுங்கும். அம்மைக்கு நூல் சுற்ற வராது. அன்றைக்கு அறுநூறு பீடிதான் தேறும்.

பம்பு அப்போதும் உலகத்தில் இருந்தது. 1955-ல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனித் தலைவரின் 13 வயது மகள், ரப்பர் குமிழை அழுத்தி மருந்து இழுக்கிற தொல்லை தாங்காமல், செண்ட் பீச்சுகிற மாதிரி இதைப் பீச்ச முடியாதா என்று அப்பாவிடம் கேட்டாளாம். அடுத்த வருஷமே கைக்கு அடக்கமான பம்பு விற்பனைக்கு வந்தது. 1969-ல் சால்புட்டமால், 1972-ல் வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீராய்டு பம்பு. எழுபதுகளில் இந்தியக் கம்பெனிகளே செய்ய ஆரம்பித்தன. தாலுகா ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு அது வந்து சேர அதற்குப் பிறகு ஒரு தலைமுறை ஆனது.

ஜன்னலில் நின்று நான் சொன்ன கணக்கு இதுதான். மாத்திரை 4 மில்லிகிராம். பம்பில் ஒரு பீச்சு 100 மைக்ரோகிராம்; அப்படி நாற்பது சேர்ந்தால்தான் ஒரு மாத்திரை. ரெண்டு பீச்சு இழுத்தால் மாத்திரையில் இருபதில் ஒரு பங்கு. எது உடம்புக்குச் சூடு? எது பழகிப்போகும்? ஆச்சிமாருக்கு மைக்ரோகிராம் வேண்டியதில்லை. அவர்களிடம் நாற்பது அரிசியை ஒரு பக்கமும் ரெண்டு அரிசியை ஒரு பக்கமும் வைத்துக் காட்டியிருக்கிறேன்.

இரண்டு பம்பு எதற்கு என்பதுதான் அடுத்த சண்டை. கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் விவசாயம் செய்கிறவர்களிடம் நான் கால்வாயைத்தான் சொல்வேன். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், மடை மூடியிருக்கலாம். இல்லை, தூர் ஏறி வாய்க்கால் குறுகியிருக்கலாம். சால்புட்டமால் இருக்கிற நீலப் பம்பு மடையைத் திறக்கும், உடனே தெரியும். மற்றது, ஸ்டீராய்டு பம்பு, தூர் வாருவது. தினமும் வாரினால் மாசக் கடைசியில்தான் தெரியும். நம்மாள் உடனே தெரிகிறதை வைத்துக்கொண்டு மற்றதை அலமாரியில் பத்திரப்படுத்திவிடுவார். நீலத்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று ஆஸ்துமாவுக்கான சர்வதேச வழிகாட்டிக் குழுவே 2019-ல் தன் பழைய பேச்சை மாற்றிக்கொண்டது.

இழுக்கச் சொல்லிக்கொடுப்பது தனி வேலை. பொடியாக இழுக்கிற ரோட்டாஹேலரில் போடச் சொன்ன கேப்சூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு, கேட்கவே இல்லை என்று வந்தவர்கள் உண்டு. பம்பைக் குலுக்காதவர்கள், மூடியைக் கழற்றாதவர்கள், அழுத்திய பிறகு யோசித்து இழுக்கிறவர்கள். குலுக்கு; மூச்சை முழுக்க வெளியே விடு; உதட்டால் கவ்வு; மெல்ல இழுக்கத் தொடங்கும்போதே அழுத்து; பத்து எண்ணும்வரை அடக்கு; ஸ்டீராய்டு பம்பு என்றால் வாயைக் கொப்பளித்துத் துப்பு. இவ்வளவையும் ஒரு ஆளுக்குச் சொல்ல ஐந்து நிமிஷம். எனக்குப் பின்னால் சுகர் மாத்திரை வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். கை வராதவர்களுக்கு, பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கிற ஸ்பேசர் வேண்டும். அது எங்களிடம் எப்போதும் இருக்காது. 1999-ல் கேப் டவுன் மருத்துவர்கள் லான்செட் இதழில், அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை ஸ்பேசராக்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் கடையில் விற்கிறதற்குக் குறையாமல் வேலை செய்கிறது என்று எழுதியிருந்தார்கள். பாட்டில் அடியில் பம்பு வாய் அளவுக்குச் சூட்டுக் கம்பியால் துளை. கழுத்துப் பக்கம் உதடு. அதை நானே செய்து ஜன்னலடியில் வைத்திருந்தேன். அம்மை இழுத்தது அந்தப் பாட்டிலில்தான். ரெண்டாம் வாரம் கை நடுக்கம் நின்றதும், "இத முதல்லயே தந்தா என்னல?" என்றாள். மறுபடி ஆயிரத்துக்கு ஏறினாள். அதற்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

2016-ஆம் வருஷக் கணக்கில் இந்தியாவில் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் ஐந்தரைக் கோடிப் பேருக்கு. ஆஸ்துமா ஏறக்குறைய நாலு கோடி. சாவுக்கான காரணங்களில் இதய நோய்க்கு அடுத்த இடம் மூச்சுக்குழாய் அடைப்புக்கு. சுகருக்குக் குத்திப் பார்க்கிறோம், பிரஷருக்குப் பட்டை கட்டுகிறோம். நுரையீரலை ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமீட்டரை 1846-லேயே லண்டனில் ஜான் ஹட்சின்சன் செய்துவிட்டார். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதில் ஊதியவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம். சுகர் பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பம்பும் அந்தப் பையில் ஏற வேண்டும் என்று ஓய்வு பெற்ற கம்பவுண்டர்கள் பேசிக்கொள்கிறோம்.

இப்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் பம்பைக் கொண்டுவந்து காட்டி, மருந்து மிச்சம் இருக்கிறதா என்று கேட்பார்கள். எதிர்வீட்டில் ஒரு அக்கா இன்னும் பீடி சுற்றுகிறாள், இரைப்பு உண்டு. கதவை அடைத்துக்கொண்டு சுற்றாதே, திண்ணைக்கு வா என்றேன்.

"வெளிய உக்காந்தா காத்துல தூள் பறந்திரும் தம்பி. இலையும் காஞ்சு முறியும். எடை கொறஞ்சா கடையில யாரு கேப்பா? வீட்டுக்குள்ளயே ஃபேன் போடாமத்தான் சுத்துதேன்."

பேசிப் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். இலை வெட்டுவதும் தூள் சலிப்பதும் திண்ணையில், மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, காலையில் காற்று எழும்புவதற்கு முன்னால். சுற்றுவது உள்ளேதான்; ஆனால் மேல்காற்று வராத கொல்லைக் கதவு திறந்திருக்கும். ஆடி மாசம் அந்தக் கதவும் முடியாது என்கிறாள். ஆடிக்கு என்ன செய்வதென்று பார்க்க வேண்டும்.